எக்ஸ்சேஞ்சில் வந்த நண்பர் ஊருக்குக் கிளம்புகிறார்: புதுச்சேரியிலிருந்து வழியனுப்பும் முறை

மாணவர் பரிமாற்றத்தில் (எக்ஸ்சேஞ்ச்) வந்து ஒரு செமஸ்டர் முழுக்க உங்களோடு மெஸ்ஸில் சாப்பிட்ட பிரெஞ்சு நண்பரோ ஜெர்மன் தோழியோ கிளம்பும் நாளில் வழக்கமாக நடப்பது இதுதான். மாலை ஐந்து மணிக்குப் பத்துப் பேர் அறைக்கு வருவார்கள். ஆளுக்கொரு பரிசுப் பை. பெட்டி ஏற்கெனவே 23 கிலோ. கீழே கார்க்காரர் ஹாரன் அடிக்கிறார். யாரும் யாரோடும் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போலப் பேசவில்லை. குரூப் போட்டோவில் கிளம்புகிறவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

இதைத் தவிர்க்க ஒரே வழிதான். விடைபெறும் வேலையெல்லாம் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே முடிந்துவிட வேண்டும். கடைசி 48 மணி நேரம் பெட்டிக்கும் தூக்கத்துக்கும் பயணத்துக்கும். கீழே இருப்பது எல்லாம் அந்தக் கணக்கில் சொன்னவை. காலாப்பட்டில் பல்கலைக்கழக விடுதியில் இருப்பவர்களுக்கும், நகரத்துக்குள் வீட்டில் தங்கவைத்திருப்பவர்களுக்கும், கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படிக்கிறவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் டிக்கெட்டைப் பாருங்கள்

சென்னையிலிருந்து ஐரோப்பா பக்கம் போகும் விமானங்களில் பல நள்ளிரவு தாண்டியோ விடியற்காலையிலோ கிளம்புகின்றன. டிக்கெட்டில் "15ஆம் தேதி, 01.30" என்றிருந்தால் புதுச்சேரியை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி மாலை. 15ஆம் தேதி இரவு விருந்துக்கு ஆள் கூப்பிட்டுவிட்டு 14ஆம் தேதி மதியம் தலையில் கை வைத்தவர்கள் உண்டு. டிக்கெட்டை நண்பர் சொல்லக் கேட்காமல் நீங்களே கண்ணால் பார்த்து, "வீட்டை விட்டு இறங்கும் நேரம்" என்று ஒன்றைக் குறித்து, அதைத்தான் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். விமான நேரத்தைச் சொன்னால் ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள்.

கணக்கு இப்படி. மீனம்பாக்கம் சுமார் 150 கி.மீ. திண்டிவனம் வழியாகப் போனாலும் இ.சி.ஆர். வழியாகப் போனாலும் மூன்று முதல் மூன்றரை மணி நேரம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு கதவில் நிற்க வேண்டும். டீ, டயர், டிராஃபிக் என்று ஒரு மணி நேரம் கூடுதல். ஆக 01.30 விமானத்துக்கு மாலை ஆறு மணிக்கு வண்டி நகர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் நான்கு மணி, ஏனென்றால் வார விடுமுறைக்கு வந்த சென்னைக் கார்கள் எல்லாம் அதே நேரத்தில்தான் திரும்பும். விமான நிலையம் நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருப்பதால், திண்டிவனம், தாம்பரம் வழியாகப் போனால் ஊருக்குள் நுழையாமலே சேர்ந்துவிடலாம். பஸ்ஸில் போகிறவர்கள் திண்டிவனம் வழி வண்டியில் ஏறி கிளாம்பாக்கத்தில் இறங்கி அங்கிருந்து போகலாம். ஆனால் இரண்டு பெரிய பெட்டியோடு பஸ் வேண்டாம். நான்கு பேர் சேர்ந்து கார் பிடிப்பதே மேல்.

நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் பாதியில் கிளம்புகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அன்று சென்னை விமான நிலையத்தையும் மூடிவிட்டார்கள். வானிலை மையம் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொல்ல ஆரம்பித்தாலே, ஒரு நாள் முன்னதாக சென்னைக்குப் போய்த் தங்குவது பற்றி யோசியுங்கள். அப்படியானால் உங்கள் விருந்தும் ஒரு நாள் முன்னே நகர வேண்டும். அதற்கு இடம் விட்டே தேதி வையுங்கள்.

சென்னைக்குப் போவதற்கு முன் கடைசி இரவை உங்கள் வீட்டில் கழிக்கட்டும் என்று விடுதியைக் காலி செய்ய வைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டவர் யார் வீட்டில் தங்கினாலும் அந்தத் தகவலை 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு இரவு என்றாலும் அப்படித்தான். கடைசி நேரத்தில் இதில் சிக்குவதைவிட விடுதி அறையை இன்னொரு நாள் நீட்டிப்பது சுலபம்.

மூன்று வாரம் முன்பு: தாள் கொடுங்கள்

பரிசுகளில் நிற்பது ஒன்றுதான்: எல்லாரும் கையால் எழுதிய தாள்களைத் தைத்த சின்னப் புத்தகம். இதில் சொதப்புவதும் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

வழக்கமான தவறு, கடையில் ஒரு டைரி வாங்கி ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாற்றி விடுவது. மூன்றாவது ஆள் அதை பையில் வைத்துக்கொண்டு விழுப்புரத்துக்குப் போய்விடுவார். மீதிப் பதினேழு பேரும் காத்திருப்பார்கள். டைரி வேண்டாம். தனித்தனித் தாளாகக் கொடுங்கள். கடைசியில் தைத்துக்கொள்ளலாம். யாராவது தரவில்லை என்றால் அவர் தாள் மட்டும்தான் இருக்காது.

தாளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. சர்தார் வல்லபாய் படேல் சாலையில் உள்ள அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதக் கூடத்தின் தாளே போதும். இருபது பேர் எழுதுவதாக இருந்தால் ஏ5 அளவில் இருபத்தைந்து தாள் வெட்டிக்கொள்ளுங்கள். ஐந்து தாள், எழுதிக் கெடுப்பவர்களுக்கு. 150 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 150 கிராம்) தாள் என்றால் ஒன்று ஐந்து கிராமுக்குள்தான் வரும். இருபது தாளும் அட்டையும் சேர்த்து 150 கிராம் தாண்டாது. நண்பரின் பெட்டிக்கு இதைவிட லேசான பரிசு கிடையாது.

கொடுக்கும்போதே இடது ஓரத்தில் இரண்டரை செ.மீ. விட்டுப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள். சொன்னால் மட்டும் கேட்க மாட்டார்கள், ஓரம் வரை எழுதிவிடுவார்கள், தைக்கும்போது பாதி எழுத்து முதுகுக்குள் போய்விடும். எழுத பால்பாயின்ட் பேனா. கைக்காகிதத்தில் மைப்பேனாவும் சில ஜெல் பேனாக்களும் பூனை முடி மாதிரிப் பரவும். சந்தேகம் என்றால் வெட்டி மிச்சமான துண்டில் எழுதிப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

என்ன எழுதுவது என்று நிச்சயம் கேட்பார்கள். "ஆல் தி பெஸ்ட்", "மிஸ் யூ" என்று எழுதிய இருபது தாளைத் தைத்துக் கொடுப்பதற்குத் தைக்காமலே இருக்கலாம். இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரே ஒரு சம்பவம், நாலு வரி. உதாரணத்துக்கு: "யுனிவர்சிட்டி கேட் டீக்கடையில் நீ முதல்முறை தமிழில் 'சக்கர கம்மி' என்று கேட்டாய். அண்ணனுக்கு அவ்வளவு சந்தோஷம். ரெண்டு ஸ்பூன் கூடவே போட்டுவிட்டார். நீ முகம் மாறாமல் குடித்தாய்." இவ்வளவுதான் வேண்டும். தமிழ் தெரிந்தவர்கள் தமிழிலேயே எழுதட்டும். கீழே அதை நண்பர் வாசிக்கக்கூடிய எழுத்தில் ஒலிபெயர்த்து, பொருளையும் சேர்த்துவிடுங்கள். ஊருக்குப் போய் ஆறு மாதம் கழித்து அந்தத் தமிழ் வரியை வாய்விட்டுப் படித்துப் பார்க்க ஆசை வரும், அப்போது எழுத்துக்கூட்டிச் சொல்ல பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். மெஸ் அக்கா, வாட்ச்மேன் போன்றவர்களுக்கு எழுதத் தயக்கம் இருந்தால் அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். பெயரை மட்டும் அவர்கள் கையால் போடட்டும்.

பத்து நாளில் தாள்கள் திரும்ப வேண்டும். வராதவர்களுக்கு இரண்டு முறை நினைவூட்டல், அதற்கு மேல் கெஞ்ச வேண்டாம்.

தைப்பது எளிது. தாள்களை அடுக்கி, மேலும் கீழும் அட்டை வைத்து, இரண்டு கிளிப் போட்டு இறுக்குங்கள். இடது ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே மூன்று புள்ளி: நடுவில் ஒன்று, மேலிருந்து மூன்று செ.மீ. இறங்கி ஒன்று, கீழிருந்து மூன்று செ.மீ. ஏறி ஒன்று. பழைய மரப்பலகை மேல் வைத்து மெல்லிய ஆணியால் அடித்துத் துளையிடுங்கள். இருபது தாளை ஒரே அடியில் துளைக்கப் பார்த்தால் கடைசித் தாளில் துளை கோணிக்கொள்ளும், அதனால் எட்டெட்டுத் தாளாக, முதல் தாளையே மாதிரியாக வைத்து அடியுங்கள். பைண்டிங் நூல் அறுபது செ.மீ., மெழுகுவத்தியில் இரண்டு முறை இழுத்தது. நடுத் துளையில் மேலிருந்து கீழே இறக்குங்கள், மேலே பத்து செ.மீ. வால் இருக்கட்டும். கீழ்ப்பக்கமாக மேல் துளைக்குப் போய் மேலே வாருங்கள். முன்பக்கத்தில் நேராகக் கீழ்த் துளைக்கு நீட்டி உள்ளே இறக்குங்கள். பின்பக்கமாக மறுபடி நடுத் துளைக்கு வந்து மேலே ஏறுங்கள். இப்போது முன்பக்கத்தில் ஒரு நீள நூல் ஓடும், நடுத் துளையில் இரண்டு முனைகள் இருக்கும். நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வரும்படி வைத்து, அதன் மேல் இரட்டை முடிச்சு. நீள நூலைச் சேர்த்துக் கட்டாவிட்டால் ஒரு மாதத்தில் தையல் தளரும்.

பெட்டியில் ஏறுவதும் ஏறாததும்

ஒரு குழுவுக்கு ஒரே பரிசு என்று முதலிலேயே முடிவு செய்து காசு சேருங்கள். எல்லாம் சேர்த்து ஒன்றரை கிலோவுக்குள். ஆளாளுக்கு வாங்கிவந்தால் வேண்டாம் என்று சொல்ல நண்பருக்கு வாய் வராது. வாங்கிக்கொண்டு கடைசி இரவில் எதை விட்டுவிட்டுப் போவது என்று உட்கார்ந்து அழுவார். விட்டுவிட்டுப் போன பொருள் விடுதி அறையில் கிடப்பதைப் பார்த்தால் கொடுத்தவருக்கும் மனசு சங்கடம்.

ஊர்ப் பொருள் வேண்டுமென்றால் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை முதலிடம். பார்க்கப் பெரிதாக இருக்கும், எடையே இருக்காது. ஈரம் மட்டும் ஆகாது. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடும் அழகுதான், அதற்கும் இதற்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் சுடுமண் உடையும். கைப்பிடி அளவுக்கு மேல் வாங்காதீர்கள். உள்ளே பொள்ளலாக இருக்கும் இடத்தில் சாக்ஸைத் திணித்து, வெளியே இரண்டு பருத்தித் துணி சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். சுடுமண் குதிரை என்றால் காதும் காலும்தான் முதலில் போகும், அவற்றுக்குத் தனியாகப் பஞ்சு. எவர்சில்வர் காபி ஃபில்டரும் டபராவும் நல்ல தேர்வு, உள்ளேயே காபித்தூள் பாக்கெட்டை வைத்துவிடலாம்.

தின்பண்டத்தில் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. அம்மா ஆசையாகக் கிளறிய பால்கோவா, திரட்டுப்பால், ஒரு பாட்டில் நெய் எல்லாம் அங்கே குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். பழங்களில் அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டூரியன் தவிர மற்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். ஆகவே மாம்பழம் கூடாது, பண்ருட்டிப் பலாச்சுளையும் கூடாது. பலா சிப்ஸும் வறுத்த முந்திரியும் தாராளமாகப் போகலாம். முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய் சிக்கலில்லாதவை. தலையில் வைத்த மல்லிச்சரத்துக்கும் அதே சான்றிதழ் விதிதான். மீனம்பாக்கம் வாசலில் கழற்றி வழியனுப்ப வந்த யாருக்காவது வைத்துவிடச் சொல்லுங்கள்.

இங்கே விமானத்தில் ஏறும்போதே தடுக்கப்படுபவை வேறு. பூஜை செட் கொடுக்கிறீர்கள் என்றால் சூடமும் தீப்பெட்டியும் எடுத்துவிடுங்கள், இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை. கொப்பரைத் தேங்காயையும் அதே காரணத்துக்காகத் தடுப்பார்கள், அதில் எண்ணெய் அதிகம். ஊறுகாய் கைப்பையில் கூடாது, பெரிய பெட்டியில் போகலாம். மூடியைச் சுற்றி டேப், அதன் மேல் இரண்டு ஜிப் கவர், அதற்கும் மேல் பழைய டவல். பவர் பேங்க் நேர்மாறு: கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டால் திறந்து எடுக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கோலமாவைப் பாலிதீன் பையில் முடிந்து தரும் யோசனை யாருக்காவது வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். பெயரில்லாத வெள்ளைப் பொடியை ஒரு விமான நிலையத்தில் விளக்கிச் சொல்லும் அளவுக்கு நண்பரின் தமிழ் இன்னும் வளரவில்லை. கோலக் குழல் வாங்கிக் கொடுங்கள், அங்கே அரிசி மாவு கிடைக்கும்.

பீச்சில் விற்கும் மயிலிறகை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பவளத்துண்டுகளும் சில வகைச் சங்குகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. எது எந்த வகை என்று கடைக்காரருக்கே தெரியாது, அதனால் கடல் பொருளே வேண்டாம். பழைய சாமான் கடையில் வெண்கலச் சிலை வாங்குவதும் வம்பு. 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை ஏற்றுமதி செய்யவே கூடாது. புதியது என்றாலும் பழசு போலத் தெரிந்தால் தொல்லியல் துறைச் சான்று கேட்பார்கள்.

பாரீசுக்குப் போகிறவர் என்றால் சாம்பார் பொடி, புளி, அப்பளம் எதுவும் கட்டித் தராதீர்கள். காரே து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா சாப்பெல் பகுதியில் வரிசையாகத் தமிழ்க் கடைகள் இருக்கின்றன, முருங்கைக்காய் வரை கிடைக்கும். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருந்துகொண்ட குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. பிரான்சுக்கு ஆள் அனுப்பிப் பழகிய அப்படி ஒரு வீட்டில் போய்க் கேளுங்கள், எதைக் கட்டவேண்டும், எதை அங்கேயே வாங்கலாம் என்று பாட்டி விரல் விட்டுச் சொல்வார்.

விருந்து

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால், மதியச் சாப்பாடாக வையுங்கள். ராத்திரி விருந்து என்றால் பாதிப் பேருக்குக் கடைசி பஸ் கவலை, பெண்கள் விடுதிக்குக் கதவடைக்கும் நேரக் கவலை. வீட்டில் இலை போட்டுச் சாப்பிடுவதுதான் நண்பர் ஊரில் சொல்லிக்கொள்வது. பன்னிரண்டு பேருக்குப் பொன்னி அரிசி ஒன்றரை கிலோ, துவரம்பருப்பு 400 கிராம், பாயசத்துக்கு ஒன்றரை லிட்டர் பால், 200 கிராம் சேமியா. மீதியை உங்கள் வீட்டு அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இலையை மடிப்பது பற்றி மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். மேல் பாதியைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டுப் பழக்கம். நண்பர் தெரியாமல் அப்படி மடித்துவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பாட்டி முகம் மாறும், அதைப் பார்த்து நண்பர் முகமும் மாறும்.

பரிசு கொடுக்கும்போது இரு பக்கப் பழக்கத்தையும் இரு பக்கமும் சொல்லிவையுங்கள். நம் வீட்டில் வாங்கிய பரிசைக் கொடுத்தவர் முன்னால் பிரிப்பதில்லை. பிரெஞ்சுக்காரர் உடனே பிரித்துப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்வதுதான் மரியாதை என்று நினைப்பார். அதேபோல, கிளம்பும்போது கன்னத்தோடு கன்னம் வைப்பது அவருக்கு வணக்கம் மாதிரி. தாத்தாவுக்கு அது அப்படியில்லை. "பெரியவங்ககிட்ட கையெடுத்துக் கும்பிட்டா போதும், விருப்பமிருந்தா கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கலாம்" என்று நண்பரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் வாசலில் யாரும் தடுமாற வேண்டாம்.

மது பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரியில் வயது வரம்பு 18, தமிழ்நாட்டில் 21. வாங்கிய பாட்டிலைக் காரில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போனால் எல்லையில் சோதனை, வண்டியே போய்விடலாம். நகரத்திலிருந்து காலாப்பட்டுக்குப் போகும் வழியில் கோட்டக்குப்பம் தமிழ்நாடு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விடுதி விருந்துக்கு ஒரு பை எடுத்துப்போவதும் எல்லை தாண்டுவதுதான். விமான நாளன்று மிச்சப் பாட்டில் எதுவும் வண்டியில் இல்லையா என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கடைசி வாரத்து மனஸ்தாபம்

கிளம்ப ஏழெட்டு நாள் இருக்கையில் காரணமே இல்லாமல் சண்டை வரும். சைக்கிளைக் கேட்காமல் எடுத்தாய், போட்டோவை எனக்கு முன்னால் அவளுக்கு அனுப்பினாய் என்று ஏதாவது. பிரியப்போகிறோம் என்ற பயம் கோபமாக வெளியே வருகிறது. எக்ஸ்சேஞ்சில் வருகிறவர்களை வருஷாவருஷம் பார்க்கிறவர்களுக்கு இது பழக்கமான விஷயம். இன்னும் சிலர் திடீரென்று ஒதுங்கிவிடுவார்கள், அழைத்தாலும் வர மாட்டார்கள். விளக்கம் கேட்டுத் துருவாதீர்கள். "நாளைக்குக் காலைல கடற்கரைக்கு வரியா, நாம ரெண்டு பேர் மட்டும்" என்று கேளுங்கள். பத்துப் பேர் கூட்டத்துக்கு வராதவர் இதற்கு வருவார்.

கடற்கரை என்றால் மாலை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு: நம் கடல் கிழக்கே, சூரியன் அதில் உதிக்கத்தான் செய்யும். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு முதல் காலை ஏழரை வரை வண்டிகளுக்குத் தடை. மே மாதத்தில் 5.45 வாக்கில், டிசம்பர் நடுவில் 6.15ஐ ஒட்டி உதயம். பதினைந்து நிமிடம் முன்னால் காந்தி சிலைக்குத் தெற்கே கற்கள் மேல் உட்கார்ந்துவிடுங்கள். ஒரு ஃபிளாஸ்க் டீ போதும். போன் வேண்டாம், ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுப் பையில் போடுங்கள். கடலூர்க்காரர்களுக்கு தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை இன்னும் வசதி, கூட்டமும் குறைவு. காந்தி சிலைப் பக்கக் கற்கள் மழையில் வழுக்கும், டிசம்பரில் அவற்றின் மேல் ஏறாதீர்கள்.

பெரிய கூட்டத்துக்கு வெளியே விடைபெற வேண்டியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டு நண்பரோடு நீங்களும் போய்வாருங்கள்: டீக்கடை அண்ணன், சைக்கிள் கடைக்காரர், மெஸ் அக்கா, விடுதி வாட்ச்மேன், ஜெராக்ஸ் கடைத் தம்பி. ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். ஒவ்வொருவரோடும் நண்பர் எடுத்த படத்தை ஸ்டுடியோவில் நாலுக்கு ஆறு அளவில் போட்டுக் கொடுப்பது இனிப்பைவிட நிற்கும். கொஞ்ச நாளில் அது கல்லாவுக்கு மேல் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏறிவிடும்.

"போறேன்" என்று சொல்ல விடாதீர்கள்

நண்பருக்குக் கற்றுத்தர வேண்டிய கடைசித் தமிழ்ப் பாடம் இது. மற்ற மொழிகளில் விடைபெறும் சொல் ஒன்று இருக்கும், அதைத் தேடி அகராதியில் "போகிறேன்" என்று எடுத்துவைத்திருப்பார். பெரியவர்கள் முன் அதைச் சொன்னால் "அப்படிச் சொல்லாதப்பா" என்று பதறுவார்கள். "போய்ட்டு வரேன்." சின்னவர்களிடம் இப்படி, பெரியவர்களிடம் "போய்ட்டு வரேங்க" அல்லது "போய்ட்டு வரேம்மா". வருவாரோ மாட்டாரோ, வாக்கியத்தில் "வரேன்" இருந்தாக வேண்டும். பதிலுக்கு நாமும் "போய்ட்டு வா" என்போம், "போ" என்று முடிப்பதில்லை. "வரேன்" என்பதில் ரகரம் அவர்களுக்குத் தொண்டையில் சிக்கும். சிக்கட்டும், திருத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

படியிறங்கும்போது பின்னாலிருந்து "எங்க போற" என்று யாரும் கேட்கக் கூடாது, வாசற்படியில் நின்று எதையும் கைமாற்றக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். இதையும் முன்பே சொல்லிவைத்தால், வாசலில் நின்றபடி சாவியை நீட்டியதற்குத் தன்னை ஏன் உள்ளே இழுத்தார்கள் என்று நண்பர் விழிக்க மாட்டார். ராகு காலத்தைப் பார்த்து விமானக் கம்பெனி நேரம் வைக்காது. ஞாயிற்றுக்கிழமை 4.30 முதல் 6 வரை ராகு காலம், மேலே சொன்ன கணக்கில் வண்டி நகர வேண்டியதும் நான்கு மணிக்கு, அரை மணி தாமதித்தாலே மாட்டிக்கொள்ளும். பாட்டி விடமாட்டார் என்றால் வழி இருக்கிறது. நல்ல நேரத்தில் ஒரு சின்னப் பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். பரஸ்தானம் என்பது இதுதான், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எப்போது கிளம்பினாலும் குறையில்லை. எடுக்க மறந்துவிடாதீர்கள், பாஸ்போர்ட்டை அந்தப் பையில் வைக்கவே வைக்காதீர்கள்.

கடைசி 48 மணி நேரம்

முதல் நாள் காலையில் பெட்டியை நிறுத்துப் பாருங்கள். தொங்கு தராசு இல்லையென்றால் பழைய பேப்பர் கடையில் இருக்கும். பெரிய பெட்டி 22 கிலோவோடு நிறுத்துங்கள், உங்கள் தராசும் அவர்கள் தராசும் ஒத்துப்போகும் என்று நம்ப வேண்டாம். கைப்பை பெரும்பாலும் 7 கிலோ. எடை கூடினால் முதலில் வெளியே எடுக்க வேண்டியது புத்தகங்கள். அவற்றை ரங்கப்பிள்ளை வீதித் தலைமைத் தபால் நிலையத்திலிருந்து பார்சலில் அனுப்பலாம். ஒட்டாமல் திறந்தபடி கொண்டுபோங்கள், சுங்கப் படிவத்தில் உள்ளே இருப்பதை எழுதிக் காட்டிய பிறகு கட்டுவது நல்லது. அடையாளச் சான்று கையில் இருக்கட்டும்.

போன் விஷயத்தைக் கிளம்பும் முன் முடித்துவிட வேண்டும். வாட்ஸாப்பில் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது. ஊருக்குப் போனதும் புது எண்ணுக்கு மாற்றினால் குரூப்புகள் அப்படியே இருக்கும். சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு வாட்ஸாப்பைப் புதிதாக நிறுவினால் எல்லாக் குரூப்பிலும் ஊமையாகப் பழைய எண் கிடக்கும். பயன்படுத்தாத பிரீபெய்டு எண் சில மாதங்களில் வேறு யாருக்காவது போய்விடும். அப்புறம் நீங்கள் அனுப்பும் பிறந்தநாள் வாழ்த்து முகம் தெரியாத ஒருவருக்குப் போகும். படங்களை ஒரே கிளவுட் ஃபோல்டரில் எல்லாரும் ஏற்றிவிடுங்கள். "அப்புறம் அனுப்புறேன்" என்ற படங்கள் வந்ததே இல்லை.

சைக்கிள், மெத்தை, பக்கெட், மின்விசிறி யாருக்கு என்பதையும் இன்றே பேசி முடித்து, அறை அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

விமான நிலையத்துக்கு இரண்டு பேர் போனால் போதும். டிக்கெட் இல்லாதவர்கள் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். இறக்கிவிடும் பாதையில் சில நிமிடத்துக்கு மேல் வண்டி நிற்க விடமாட்டார்கள், பின்னால் விசில் அடிப்பார்கள். கண்கலங்கும் வேலை எல்லாம் அங்கே ஓடாது. நிதானமாக நிற்க வேண்டுமென்றால் வண்டியை மாடிப் பார்க்கிங்கில் விட்டு நடந்து வாருங்கள். கதவுக்கு முன் கேட்க வேண்டியது நான்குதான்: பாஸ்போர்ட், டிக்கெட், போன் சார்ஜ், பவர் பேங்க் கைப்பையில் இருக்கிறதா. கண்ணாடிக்குள் போனபின் உடனே திரும்பிவிடாதீர்கள். கவுண்டரில் எடைப் பிரச்சினை வந்தால் எதையாவது வெளியே கொண்டுவந்து தர வேண்டியிருக்கும். பெட்டி ஏறிவிட்டது என்று மெசேஜ் வரும்வரை அரை மணி நேரம் இருங்கள்.

திரும்பி வரும் வழியில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். திண்டிவனத்துக்கு முன்னால் எங்காவது நிறுத்தி டீ குடியுங்கள், ஓட்டுகிறவருக்கு அது கட்டாயம். மறுநாள் மாலைக்கு, மிச்சமிருப்பவர்கள் சேர்ந்து ஏதாவது ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஷட்டில் ஆடுவதானாலும் சரி.

போன் பேச முதல் வாரத்திலேயே ஒரு நேரம் குறித்துவிடுங்கள், "எப்போ வேணா கூப்பிடு" என்பது கூப்பிடாததில்தான் முடியும். பிரான்சும் ஜெர்மனியும் கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. ஞாயிறு இரவு எட்டு மணி என்று வைத்தால் அங்கே மாலை நாலரை, அல்லது மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரம் மாறும். அந்த இரண்டு ஞாயிறும் ஒரு மணி நேரம் தள்ளியோ முந்தியோ வரும் அழைப்பை எடுக்காமல் விட்டுவிட்டு, மறந்துவிட்டான் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.